ஓபன் கடலில் பெருந்திருக்கை: நாள்வாரிக் குறிப்புகள்

வியாழன், ஓபன் நகரம், ஸ்காட்லாந்து

பெருந்திருக்கை என்னும் மிகப் பெரிய திருக்கை மீனைத் தூண்டிலில் பிடிக்க வருகிறவர்கள் பயணத் தேதியை விடுமுறை பார்த்துக் குறிக்கக் கூடாது. பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்க வேண்டும். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த ஓரிரு நாளில் ஓபன் துறைமுகத்தில் கடல் ஏறி வற்றும் உயரம் மூன்று மீட்டரைத் தாண்டும். அட்டமி கழிந்த ஓரிரு நாளில் அதுவே ஒரு மீட்டர் சொச்சமாகச் சுருங்கிவிடும். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை நாள்கள். மீன் கிடப்பது 100 முதல் 150 மீட்டர் ஆழத்தில். அவ்வளவு நீள நூலையும் வேகமான நீரோட்டம் வில்லாக வளைத்தால், அடியில் கிடக்கும் ஈயம் தூக்கப்பட்டு இரை இடம் மாறிக்கொண்டே இருக்கும். இந்த மீனோ, சேற்றில் அசையாமல் கிடக்கும் இரையை மணம் பிடித்து வந்து மேலே படுத்து மூடுகிற மீன். இன்று அட்டமி. நாளை முதல் திங்கள் வரை கடலுக்குப் போகத் திட்டம்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது ஓபன். கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். எதிரே கெரெரா தீவு குறுக்கே படுத்துக் கிடப்பதால் துறைமுகம் எப்போதும் அமைதியாக இருக்கும். அதை நம்பி வெளிக்கடலும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. கெரெராவுக்குத் தெற்கே திரும்பியதும் ஃபர்த் ஆஃப் லோர்ன் என்னும் பெரிய நீர்ப்பரப்பு அட்லாண்டிக்கை நோக்கித் திறந்துகொள்கிறது.

தேடி வந்த மீனைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். விலங்கியல் பெயர் டிப்டுரஸ் இன்டர்மீடியஸ். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை இரண்டரை மீட்டர்வரை வளரும்; 100 கிலோவைத் தொடும். 1986இல் மல் தீவின் டோபர்மோரி அருகே தூண்டிலில் வந்த ஒன்று 227 ராத்தல் (103 கிலோ) இருந்தது. பெண்தான் பெரிது. நம் கரையின் முள்ளுத் திருக்கைபோல வாலில் நஞ்சுமுள் கிடையாது. ஆனால் வால் நெடுகக் கூரான முட்கள் வரிசையாக உண்டு. ஒரு காலத்தில் பிரிட்டனைச் சுற்றி எங்கும் கிடந்த மீன். ஐரிஷ் கடலில் இது அற்றுப்போய்விட்டது என்று 1981லேயே ஆய்வுக் கட்டுரை வந்தது. இழுவலைக்கு இது எளிய இரை: முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சே வலைக்கண்ணில் நிற்கும் அளவு பெரிது, பருவமடையவோ பல ஆண்டுகள் ஆகும். இன்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் மிக அருகிய இனம். 2009 முதல் ஐரோப்பிய ஒன்றியக் கடல்களில் பிடித்து வைத்துக்கொள்ளவும் கரையேற்றவும் தடை. ஸ்காட்லாந்தில் தூண்டில்காரர்கள் பிடித்தால் அங்கேயே உயிரோடு விட்டுவிட வேண்டும்.

இதிலிருந்தே கருவிகள் எல்லாம் தீர்மானமாகின்றன. மெல்லிய நூலில் பெரிய மீனை இழுப்பது வீரம் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த மீன் விஷயத்தில் அது கொடுமை. இரண்டு மணி நேரம் போராடிக் களைத்து வந்த மீன், அடிக்குத் திரும்பிப் போய்ப் பிழைக்குமா என்பது சந்தேகம். கனத்த கருவி, குறுகிய போராட்டம், விரைவான விடுதலை: இந்த வரிசையை மாற்றக் கூடாது.

கம்பு ஆறு முதல் ஏழு அடி, 50 ராத்தல் வகை, நுனியில் உருளை. ரீல் நெம்புகோல் பிரேக் உள்ள மல்டிபிளையர், அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு நூலுருளை பல சுற்றுச் சுற்றும் வகை. 80 ராத்தல் பின்னல் நூல் குறைந்தது 400 மீட்டர் கொள்ள வேண்டும். பின்னல் நூல் மெல்லியது, நீரோட்டம் பிடிக்காது, நீளாது. 130 மீட்டர் ஆழத்தில் மீன் தொடுவதுகூடக் கம்பு நுனியில் தெரியும். ஆனால் கல்லிலோ மீனின் முள்தோலிலோ உரசினால் நொடியில் அறுந்துவிடும். அதனால் முனையில் ஐந்து மீட்டர் 200 ராத்தல் நைலான் தங்கூஸ். அதில் ஈயத்துக்கான குழாய் வளையம் ஓடும். கீழே ஒரு ரப்பர் மணி, பிறகு நல்ல சுழலி, அதற்குக் கீழே கொக்கி நரம்பு 250 ராத்தலில் அரை மீட்டர். இந்த அரை மீட்டரை நீளமாக்க ஆசை வரும். நரம்பு நீண்டால் மீன் விழுங்குவதற்கு இடம் கிடைக்கும். கொக்கி வயிற்றுக்குப் போகும். குறுகிய நரம்பில் ஈயத்தின் கனம் உடனே உறைத்து, கொக்கி வாயோரத்தில் ஏறும்.

கொக்கி 10/0 அல்லது 12/0 என்னும் பெரிய அளவு. பின்முள்ளை இடுக்கியால் அழுத்தி நசுக்கிவிட வேண்டும். துருப்பிடிக்காத எஃகு வேண்டவே வேண்டாம். ஏதாவது காரணத்தால் கொக்கி மீனிலேயே தங்கிவிட்டால் அது துருப்பிடித்து உதிர வேண்டும். ஈயத்தை வளையத்தோடு இணைக்கும் கயிறு மட்டும் 30 ராத்தல் மெல்லிய நைலான். ஈயம் கல்லிடுக்கில் மாட்டினால் அது மட்டும் அறும். மீன் ஒரு கிலோ கனத்தை இழுத்துக்கொண்டு திரியும் நிலை வராது.

வெள்ளி, கெரெராவுக்குத் தென்மேற்கே

படகு 21 அடி, ஒற்றை வெளி எஞ்சின், முன்பக்கம் சிறு அறை. படகோட்டியைச் சேர்த்து நான்கு பேர். இதற்கு மேல் ஆள் ஏற்றினால் மீன் வரும்போது நிற்க இடம் இருக்காது. மிதவை உடுப்பை எல்லோரும் கரையிலேயே போட்டுக்கொண்டாயிற்று. 13 டிகிரி நீரில் விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சுத் திணறலே ஆளை வீழ்த்தும். வானொலி 16ஆம் அலைவரிசையில். எஞ்சினை நிறுத்தும் கயிறு ஓட்டுபவரின் காலில்.

ஒன்பது மணிக்கு இடம் வந்தது. எதிரொலிக் கருவியில் அடித்தளம் 128 மீட்டர், தடித்த மங்கலான கோடு, அதாவது சேறு. கோடு மெல்லியதாகக் கூராகத் தெரிந்தால் கல். சேற்றுச் சமவெளி முடிந்து சரிவு தொடங்கும் விளிம்புதான் நல்ல இடம். நீரோட்டம் அந்த விளிம்பின் வழியே மணத்தைக் கொண்டுபோகும்; மீன் அதே வழியில் எதிர்த்து வரும்.

நங்கூரம் போடுவதுதான் சிறு படகில் மிக ஆபத்தான வேலை என்பதால் அதைப் பொறுமையாகச் சொல்கிறேன். பத்துக் கிலோ கலப்பை நங்கூரம், எட்டு மீட்டர் சங்கிலி, 10 மில்லிமீட்டர் கயிறு 400 மீட்டர். ஆழத்தைப் போல இரண்டரை மடங்காவது கயிறு விட வேண்டும். குறைத்து விட்டால் இழுவை மேல்நோக்கி இருக்கும். நங்கூரம் சேற்றில் குத்தாமல் தத்தித் தத்தி நகரும். சங்கிலியை நங்கூரத்தின் தண்டு வளையத்தில் நேராகப் பூட்டுவதில்லை. அடிப்பாகத்தில், அதாவது கலப்பையின் கழுத்துக்குப் பின்னால் பூட்டி, தண்டின் வழியே கொண்டுவந்து மேல் வளையத்தில் மூன்று பிளாஸ்டிக் பட்டைகளால் கட்டுகிறார்கள். சாதாரண இழுவையைப் பட்டை தாங்கும். நங்கூரம் கல்லில் மாட்டிக்கொண்டால் படகு இழுக்கும்போது பட்டை அறுந்து, நங்கூரம் பின்பக்கமாக உருவிக்கொண்டு வரும்.

கயிற்றைக் கட்டுவது எப்போதும் முன்னணியத்தில், அதாவது படகின் முன்முனையில் மட்டும். பின்னணியத்தில் கட்டிய படகை நீரோட்டம் கீழே இழுக்கும். எஞ்சின் இருக்கும் தாழ்ந்த பக்கத்தின் வழியே ஓர் அலை உள்ளே வந்தால் அடுத்த அலைக்குப் படகு இருக்காது. கயிறு ஓடும்போது யாருடைய காலும் சுருளுக்குள் இருக்கக் கூடாது. கூடைக்குள் அடுக்கிய கயிறு சுருளாக வைத்ததைவிட நல்லது. முன்னணியத்தில் கயிறு கட்டிய இடத்தின் அருகே உறையில் ஒரு கத்தி, எப்போதும்.

நேரக் கணக்கும் முக்கியம். இன்று ஏற்றம் நண்பகல் தாண்டி நிற்கும் என்பது அட்டவணை. நாளை அது ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். ஏற்றம் இங்கே வடகிழக்காக ஓடுகிறது. வழக்கமாக வீசும் தென்மேற்குக் காற்றும் அதே திசை. அதனால் ஏற்றத்தில் படகு நேராக, சாதுவாகக் கிடக்கும். வற்றம் தொடங்கியதும் நீர் ஒரு பக்கம் இழுக்க, காற்று எதிர்ப்பக்கம் தள்ள, படகு குறுக்கே திரும்பி அலையும்; நூல்கள் படகின் அடியில் போய் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அலையும் குறுகிச் செங்குத்தாகும். காற்று 15 நாட் வேகத்தை (மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர்) தாண்டினால் வற்றத்தில் நங்கூரமிட்டு நிற்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இரை கானாங்கெளுத்தி. இந்தக் கடலின் கானாங்கெளுத்தியில் எண்ணெய் மிகுதி. அதற்காகவே அது சிறந்த இரை. முழு மீனை எடுத்து வாலை வெட்டிவிட வேண்டும். வால் இருந்தால் இறங்கும்போது விசிறிபோலச் சுழன்று, 128 மீட்டரும் முறுக்கேறி வரும். வெட்டிய வால் பக்கத்திலிருந்து கொக்கியை நுழைத்து, தலைக்கு அருகே நுனி முழுதும் வெளியே தெரியும்படி எடுத்து, மேலே ஓர் ஊசிக் கணவாயை வைத்து ரப்பர் நூலால் இறுகச் சுற்ற வேண்டும். விலாவில் கத்தியால் மூன்று கீறல், மணம் கசிவதற்கு. கொக்கி நுனி இறைச்சிக்குள் புதைந்திருந்தால் மீன் வந்தாலும் கொக்கி ஏறாது.

இறக்கும்போது கட்டை விரலால் ரீலைத் தடுத்துத் தடுத்து விட வேண்டும். ஈயம் 700 கிராம் போதுமாக இருந்தது. அடியைத் தொட்டதும் மூன்று மீட்டர் நூல் கூடுதலாக விட்டு, பிரேக்கை லேசாக்கி, கம்பைத் தாங்கியில் வைத்தாயிற்று. கம்பைப் படகோடு கயிற்றால் கட்டாமல் யாரும் தேநீர் ஊற்றக் கூடாது.

பகல் முழுதும் நாய்ச் சுறாக்கள்தான். முக்கால் மீட்டர்கூட இல்லாத சிறு சுறா. பத்திருபது சேர்ந்தால் அரை மணி நேரத்தில் கானாங்கெளுத்தியை எலும்பாக்கிவிடும். கம்பு நுனியில் படபடவென்று விடாத நடுக்கம் தெரிந்தால் அவைதான். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரையை ஏற்றிப் பார்ப்பது கைக்குக் கடினமான வேலை. ஆனாலும் எலும்பைக் கீழே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை. முதுகுத்துடுப்புகளுக்கு முன்னால் முள்ளுள்ள ஸ்பர்டாக் சுறா இரண்டு வந்தன. அவற்றைத் தலைக்குப் பின்னாலும் வாலடியிலும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வாலை மட்டும் பிடித்தால் உடலை வளைத்து முள்ளைக் கையில் ஏற்றிவிடும், வலி நாள் முழுதும் இருக்கும்.

ஏற்றம் நின்ற நேரத்தில் கம்புகள் செத்துக் கிடந்தன. நீர் ஓடாவிட்டால் மணம் பரவாது. அரை நாட், முக்கால் நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பதே சரி. பெருந்திருக்கை இன்று இல்லை.

சனி, அதே விளிம்பு, சற்றுத் தெற்கே

காற்று தென்மேற்கு 8 நாட். ஏற்றம் பிற்பகல் இரண்டுவரை. நேற்றைய இடத்திலிருந்து 300 மீட்டர் தெற்கே, 134 மீட்டரில் நங்கூரம். மூன்று இரைகளும் ஒன்பதரைக்குள் அடியில்.

பதினொன்றே காலுக்கு நடுக்கம்பு ஒருமுறை தலை குனிந்து நிமிர்ந்தது. பிறகு ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஒரு குனிவு, நீண்டது, நிதானமானது. சுறாவின் படபடப்பு இல்லை. இது மீன் இரையைக் கடிப்பதன்று. இரை கிடக்கும் இடத்துக்கு மேல் வந்து தரையில் படியும்போது அதன் சிறகு நூலில் உரசுகிறது. இப்போது கம்பை வெட்டி இழுத்தால் கொக்கி சிறகில் ஏறும், அல்லது எதிலும் ஏறாது. புதிதாக வருபவர்கள் மீனை இழப்பது பெரும்பாலும் இந்த நொடியில்தான். மறுபக்கம், ஐந்து நிமிடம் காத்திருந்தால் விழுங்கிவிடும். அடையாளம் ஒன்றே: ரீலிலிருந்து நூல் ஒரே சீராக, நிறுத்தாமல் போகத் தொடங்க வேண்டும். சில சமயம் மீன் படகை நோக்கி வரும். அப்போது நூல் தொய்ந்துவிடும். இரண்டும் ஒன்றுதான்.

நூல் போகத் தொடங்கியது. பிரேக்கைப் பத்துக் கிலோ இழுவைக்கு ஏற்றி, கம்பைத் தாழ்த்தி, கனம் வந்து உட்காரும்வரை ரீலைச் சுற்ற வேண்டும். வெட்டி இழுப்பது தேவையில்லை. கம்பு பாதிவரை வளைந்து அப்படியே நின்றது. அடியில் மாட்டிக்கொண்டதுபோலத் தோன்றும். மீன் சிறகுகளை விரித்துச் சேற்றோடு ஒட்டிக்கொள்கிறது. ஒன்றரை மீட்டர் அகலப் பரப்பைத் தரையிலிருந்து பெயர்க்க வேண்டும். இடுப்புப் பட்டையில் கம்பின் அடியை ஊன்றி, முதுகுப் பட்டையை ரீலோடு மாட்டி, முழங்காலை மடக்கி, உடல் எடையைப் பின்னால் சாய்க்க வேண்டும். கையால் இழுப்பவர் பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடுவார். அலை படகைத் தூக்கும்போது நூலை விடாமல் பிடித்தாலே போதும். படகின் மிதப்பே மீனை அடியிலிருந்து அங்குலம் அங்குலமாகப் பெயர்க்கும். ஏழு நிமிடம் இந்த நிலை. பிறகு கம்பு ஒருமுறை உதறி மெல்ல நிமிர்ந்தது. பெயர்ந்துவிட்டது.

அதற்குள் மற்ற இரண்டு கம்புகளையும் ஏற்றி உள்ளே வைத்தாயிற்று. ஒரு நூல் குறுக்கே இருந்தாலும் பெரிய மீன் அதைச் சுற்றிக்கொள்ளும். முன்னணியத்தில் ஒருவர் நங்கூரக் கயிற்றை அவிழ்க்கத் தயாராக நின்றார். கயிற்றின் முனையில் பெரிய மிதவை உண்டு. மீன் கயிற்றை நோக்கி ஓடினால் மிதவையோடு கயிற்றைக் கடலில் விட்டுவிட்டு, மீனைப் பின்தொடர்ந்து போய்த் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். இன்று தேவைப்படவில்லை.

பெயர்ந்தபின் வேலை சீரானது. கம்பை மெல்ல உயர்த்து, தாழ்த்தும்போது இரண்டு சுற்று. நடுநீரில் ஒருமுறை சிறகை மடித்து 40 மீட்டர் அடியை நோக்கிப் பாய்ந்தது. அப்போது ரீலை நெரிக்காமல் பிரேக்கின் வேலையைப் பிரேக்கிடமே விட வேண்டும். பின்னல் நூலைக் கையால் தொடக் கூடாது. சதையை எலும்புவரை அறுக்கும். பதினொன்று ஐம்பதுக்குப் பச்சை நீருக்குள் முதலில் ஒரு வெளிறிய நிழல், பிறகு முழு உருவம். மேற்புறம் ஆலிவ் பழுப்பு, அதில் வெளிர்ப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன, நீண்டு கூர்ந்த மூக்கு, கண்கள் கருத்தவை. வாலில் முள்வரிசை. பெண்.

கைக்கு வந்த மீனைக் கையாளும் முறை முற்றிலும் மாறிவிட்டது. முன்பெல்லாம் சிறகோரத்தில் இரும்புக் கொக்கியால் குத்தித் தூக்குவார்கள். இப்போது அது கூடாது. வாலைப் பிடித்தும் தூக்கக் கூடாது, முதுகெலும்பு பிசகும். கண்ணுக்குப் பின்னாலுள்ள மூச்சுத்துளைக்குள்ளோ செவுள் பிளவுக்குள்ளோ விரல் போகக் கூடாது. இவ்வளவு பெரிய மீனைச் சிறு படகில் ஏற்றவே தேவையில்லை. ஒருவர் தடித்த கையுறையோடு தங்கூஸைப் பிடித்து மீனைப் படகோரத்தில் கிடையாக நிறுத்த, மற்றவர் அளவு நாடாவை நீரிலேயே முதுகின் மேல் விரித்தார். மூக்கு முதல் வால் நுனிவரை 2 மீட்டர் 5 சென்டிமீட்டர். சிறகு நுனி முதல் சிறகு நுனிவரை 1 மீட்டர் 57. இந்த இரண்டு அளவையும் அட்டவணையில் பார்த்தால் எடை 70 கிலோவை ஒட்டி வரும். தராசில் தொங்கவிடுவது மீனுக்குக் கேடு. அட்டவணைக் கணக்கு போதும்.

கொக்கி வாயின் இடது மூலையில். வாய் அடிப்பக்கம் இருக்கும், தாடைகள் அரைக்கும் வகை. விரல் அகப்பட்டால் நொறுங்கும். அரை மீட்டர் நீளக் கம்பிக் கைப்பிடியை நரம்பின் வழியே கொக்கியின் வளைவுக்குக் கொண்டுபோய், தலைகீழாகத் திருப்பி ஓர் உதறு. பின்முள் இல்லாததால் உடனே வந்துவிட்டது. உள்ளே விழுங்கியிருந்தால் தோண்டாமல் நரம்பை வாயோரம் வெட்டிவிட வேண்டும்.

படம் ஒன்றுதான் தேவை: முதுகு முழுதும் மேலிருந்து நேராக. இந்தப் புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொரு மீனுக்கும் தனி. ஓபன் அருகே டன்ஸ்டாஃப்னேஜில் உள்ள ஸ்காட்டிஷ் கடல் அறிவியல் நிறுவனமும் நேச்சர்ஸ்காட் அமைப்பும் சேர்ந்து நடத்தும் ஸ்கேட்ஸ்பாட்டர் என்னும் படத்தொகுப்புக்கு இதை அனுப்பினால், முன்பு பிடிபட்ட மீனா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வெயிலின் பளபளப்பு முதுகில் விழுந்தால் படம் பயன்படாது. படகின் நிழலுக்குள் மீனைக் கொண்டுவந்து எடுக்க வேண்டும்.

மேற்பரப்புக்கு வந்ததிலிருந்து விடுவதுவரை நான்கு நிமிடத்துக்குள். கையை விட்டதும் மீன் ஒரு கணம் நின்று, மூக்கைத் தாழ்த்திச் சிறகை ஒருமுறை அடித்துக் கீழே போனது. 134 மீட்டரிலிருந்து வந்த மீன் எப்படித் திரும்பிப் போகும் என்று நம் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். கலவாயை ஆழத்திலிருந்து இழுத்தால் காற்றுப்பை உப்பி இரைப்பையை வாய்வழியே பிதுக்கும். அது மேலேயே மிதந்து சாகும். திருக்கைக்கும் சுறாவுக்கும் காற்றுப்பை இல்லை. மேலே வருவதால் ஏற்படும் அழுத்த மாறுபாடு இவற்றைக் கொல்வதில்லை. களைப்பும் முரட்டுக் கையாளலும்தான் கொல்கின்றன.

மீண்டும் இரை போடுவதற்கு முன் தங்கூஸை விரலால் உருவிப் பார்த்தோம். கடைசி ஒரு மீட்டர் வாலின் முள் உரசி மணலாகச் சொரசொரத்தது. வெட்டிப் புதிதாக முடிந்தாயிற்று. இதில் சோம்பல்பட்டால் அடுத்த மீன் கொக்கியோடும் நரம்போடும் போகும். ஏற்றம் நிற்கும்வரை இன்னொரு தொடுதல்; கொக்கி ஏறவில்லை.

நங்கூரம் எடுப்பது: கையால் 134 மீட்டர் ஆழத்திலிருந்து யாரும் இழுப்பதில்லை. கயிற்றில் ஒரு பெரிய எஃகு வளையம் மாட்டி, அதில் 60 லிட்டர் மிதவையைக் கட்டி நீரில் விட்டார்கள். கயிறு முன்னணியத்தில் கட்டியபடியே இருக்க, படகு நீரோட்டத்தை எதிர்த்துச் சாய்கோணத்தில் நான்கைந்து நாட் வேகத்தில் ஓடியது. நேராக ஓடினால் கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றும்; சாய்ந்து ஓடுவது அதற்காகத்தான். மிதவை நீரைக் கிழித்துக்கொண்டு வர, கயிறு வளையத்தின் வழியே உருவி, நங்கூரம் மேலேறி மிதவையின் அடியில் வந்து தொங்கியது. சங்கிலி வளையத்தைத் தாண்டி மறுபக்கம் விழுந்ததும் அதன் கனமே நங்கூரத்தைப் பூட்டிவிடுகிறது. பிறகு கயிற்றை நீர்மட்டத்தில் சும்மா கூட்டி எடுக்க வேண்டியதுதான்.

ஞாயிறு, கரை

தென்மேற்குக் காற்று 30 நாட். கடலுக்குப் போகும் பேச்சே இல்லை. ஓபன் மேட்டிலுள்ள மெக்கெய்க் கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் கெரெராவுக்கு அப்பால் கடல் வெளுத்துக் கிடப்பது தெரிகிறது. 1897இல் ஒரு வங்கியாளர் தொடங்கி, 1902இல் அவர் இறந்ததும் பாதியில் நின்ற வட்டக் கட்டடம் அது.

இந்தக் கடல் லோக் சூனார்ட் முதல் சவுண்ட் ஆஃப் ஜூரா வரையிலான பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. 2014இல் முக்கியமாக இந்தத் திருக்கைக்காக அறிவித்தார்கள். அடியைச் சுரண்டும் இழுவலைக்கும் சிப்பி வாருகோலுக்கும் 2016இல் கட்டுப்பாடு வந்தது. அடையாளமிட்ட மீன்களில் பல இதே நீர்ப்பரப்பில் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. அகலாத மீனுக்கு இடத்தைக் காப்பது பலன் தரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

முட்டையிடும் இடமும் இப்போது தெரியவந்திருக்கிறது. ஸ்கை தீவை ஒட்டிய ரெட் ராக்ஸ், லாங்கே பகுதியில் பாறைகளிடையே முட்டைகள் குவிந்து கிடப்பதை முக்குளிப்போர் கண்டனர். 2021இல் அவசரமாகப் பாதுகாப்பு அறிவிக்கப்பட்டது. முட்டை என்றால் கால் மீட்டர் நீளமுள்ள தோல் பை. குஞ்சு வெளிவர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. அவ்வளவு காலம் அந்தப் பை கல்லிடுக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். கரையோரம் நடப்பவர்கள் வெற்றுப் பைகளைக் கண்டால் ஊறவைத்து அளந்து, இடத்தோடு தெரிவிக்கலாம்.

மீதி நேரத்தில் ரீல்களைத் துடைத்து, கொக்கிகளை அரத்தால் தீட்டி, நாளைக்குப் பன்னிரண்டு கானாங்கெளுத்தியை உருகவைத்தாயிற்று.

திங்கள், சவுண்ட் ஆஃப் மல் நீரிணை

காற்று மேற்குக்குத் திரும்பி 12 நாட் வேகத்துக்குக் குறைந்தது. ஆனால் ஃபர்த் ஆஃப் லோர்னில் பழைய அலை அடங்கவில்லை. மல் தீவின் மறைவுக்குள், டுவார்ட் கோட்டையைத் தாண்டி உள்ளே போவதே தக்கது. இங்கே ஒரு எச்சரிக்கை: படகுச்சேவைக் கப்பல்களின் வழியில் நங்கூரமிடக் கூடாது. நங்கூரமிட்ட அடையாளமாகக் கரும்பந்தை முன்னே தொங்கவிட வேண்டும். கப்பல் வரும்போது அதன் அலையைப் படகின் முன்பக்கம் வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

104 மீட்டர். வற்றம் பத்து மணியோடு நின்று ஏற்றம் திரும்பியது. திரும்பிய முதல் மணி நேரம் இந்த மீனுக்கு உகந்த நேரம். பத்தே முக்காலுக்கு மெல்லிய குனிவு, உடனே சீரான ஓட்டம். இது தரையில் ஒட்டிக்கொள்ளவே இல்லை. இருபது நிமிடத்தில் மேலே. ஆண், 1 மீட்டர் 70. வாலடியின் இருபுறமும் விரல்போல நீண்ட கலவி உறுப்புகள். ஆணை இன்னும் கவனமாகப் பிடிக்க வேண்டும்: சிறகின் முன்விளிம்பில் கூரிய முட்கள் உண்டு, ஈரக் கையுறையையும் கிழிக்கும். அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் கரும்புள்ளிகள் நிறைந்து, கருத்த வழுவழுப்பு கையில் ஒட்டியது. நீரிலேயே கொக்கியைக் கழற்றி, படமெடுத்து விட்டாயிற்று.

பகல் ஒரு மணிக்குக் கிளம்பும்போது நங்கூரம் வரவில்லை. மிதவை நீருக்குள் அமிழ்ந்து, கயிறு விறைத்து நின்றது. இந்த நேரத்தில் எஞ்சினை முறுக்குவதுதான் படகைக் கவிழ்க்கும் தவறு. படகோட்டி வேகத்தைக் குறைத்து, கயிற்றைத் தளரவிட்டு, எதிர்ப்பக்கம் வட்டமாகச் சுற்றி வந்து, முன்னணியக் கட்டையில் கயிறு இருக்கும்படி சீராக அழுத்தம் கொடுத்தார். இரண்டாம் சுற்றில் கயிறு ஒருமுறை அதிர்ந்தது. பிளாஸ்டிக் பட்டைகள் அறுந்து, நங்கூரம் தலைகீழாக மேலே வந்தது. பட்டை மூன்றுக்குப் பதில் ஆறு போட்டிருந்தால் கயிற்றைத்தான் வெட்டியிருக்க வேண்டும். பட்டையின் எண்ணிக்கையை அவரவர் படகின் எடைக்கேற்பச் சோதித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

துறைமுகம் வந்ததும் வேலை மிச்சமிருந்தது. பின்னல் நூலின் முதல் பத்து மீட்டரை வெட்டி எறிந்து, ரீல்களை நன்னீரில் நனைத்து, பிரேக்கை முழுதும் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கி வைத்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மீன்களின் படங்களும், நீள அகலமும், ஆணா பெண்ணா என்பதும், நாளும் இடமும் ஸ்கேட்ஸ்பாட்டருக்கு இன்றிரவே போகின்றன.